சிங்கத்துக்கு பேக்கப் எங்கே?

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல சின்னதா ஒரு வாய்த்தகராறு. எதிர்ல உட்கார்ந்திருந்தது எங்க டீம்ல இருக்கிற ராஜ்கோட் நண்பர். தங்கமான மனுஷன், ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எனக்குன்னு தனியா ஒரு பாக்கெட் காக்ரா கொண்டு வருவார். பேச்சு எங்கெங்கோ சுத்தி கிர் சிங்கத்துல வந்து நின்னுச்சு. "2010ல 411 சிங்கம். 2025 மே மாசம் எண்ணினப்ப 891. வேற எந்த ஊர்லயாவது இப்படி காப்பாத்திக் காட்டியிருக்காங்களா?"ன்னு கேட்டார். நான் காக்ராவுக்கு நன்றி விசுவாசமா சும்மா இருந்திருக்கலாம். நாக்குல சனி. "அதெல்லாம் சரி, 2018ல 23 சிங்கம் செத்துச்சே, அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"அது ஏதோ வைரஸ். ஊசி போட்டாங்க, நின்னுடுச்சு. மேட்டர் க்ளோஸ்டு."

இந்தப் பதிவு அந்த "மேட்டர் க்ளோஸ்டு"க்காக.

எங்க தொழில்ல இந்த வார்த்தையை தினம் தினம் கேட்கிறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடும். தூக்கக் கலக்கத்துல எவனாவது எழுந்து ரீஸ்டார்ட் பண்ணுவான். ஓட ஆரம்பிச்சுடும். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டு போர்வையை இழுத்துப் போர்த்திக்குவான். ஏன் படுத்துச்சுன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அடுத்த மாசம் அதே ரெண்டு மணிக்கு மறுபடி படுக்கும்.

டிஸ்கி: நான் காட்டுயிர் ஆராய்ச்சியாளன் கிடையாது. கிர் காட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததும் இல்லை. வண்டலூர்ல கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்ததுதான் நமக்கும் சிங்கத்துக்கும் உள்ள உறவு. (அந்த வண்டலூர் சிங்கங்களுக்கே 2021 ஜூன்ல கொரோனா வந்து, நீலான்னு ஒரு பெண் சிங்கம் செத்துப் போச்சு. நம்மகிட்ட இருந்து அதுங்களுக்கு என்னென்ன போகுதுன்னு அப்பதான் உறைச்சுது.) கணக்குப் போடத் தெரியும், படிக்கத் தெரியும். அந்த தைரியத்துல எழுதறேன்.

சரி, 2018. பல பேருக்கு மறந்திருக்கும். செப்டம்பர் 12லேர்ந்து சுமார் மூணு வாரம். கிர் கிழக்கு வனக்கோட்டத்துல தல்கானியான்னு ஒரு சரகம். அங்கே ஒண்ணு மாத்தி ஒண்ணா சிங்கங்க செத்து விழுந்துது. முதல் 11 சாவு செய்தி வெளிய வந்தப்ப அதிகாரிங்க தரப்புல சொன்ன விளக்கம்: பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டதாலயும் நுரையீரல் தொற்றாலயும் செத்திருக்கு. சிங்கம் சண்டை போடும்தான். வெளியூர் ஆண் சிங்கம் உள்ள வந்தா பழைய ஆணோட குட்டிகளைக் கொல்றது சகஜம்தான். ஆனா ஒரே சரகத்துல, ஒரு வாரத்துல, 11ஆ? எங்க ஊர் பண்ணையில ஒரே வாரத்துல 11 கோழி செத்தாலே பண்ணைக்காரர் டாக்டருக்கு போன் போட்டுடுவார்.

அப்புறம் மாதிரிகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போச்சு. கேனைன் டிஸ்டெம்பர்னு முடிவு வந்துது. பேர்லயே நாய் இருக்கு பாருங்க. தட்டம்மை வைரஸோட பங்காளி. நாய்க்கு வரும், நரிக்கு வரும், கீரி வகையறாவுக்கு வரும், சிறுத்தை, புலி, சிங்கம் எதையும் விட்டுவெக்காது. கூடவே உண்ணிக் கடியால பரவற பேபீசியான்னு ஒரு ரத்த ஒட்டுண்ணியும் சில சிங்கங்கள்ல இருந்துது. புனே ஆட்கள் பிற்பாடு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில 68 சிங்கத்தோட மாதிரியிலயும் 6 சிறுத்தையோட மாதிரியிலயும் வைரஸ் இருந்ததா எழுதியிருக்காங்க. திரும்பப் படிங்க. செத்தது 23. வைரஸ் தொட்டது 68. மீதி பிழைச்சதுக்கு டாக்டர்கள் உழைப்பு ஒரு காரணம், அதை நான் குறைச்சுச் சொல்லலை. பிடிச்சு, தனியா அடைச்சு, அமெரிக்காவுல இருந்து 300 டோஸ் தடுப்பூசி வரவழைச்சு, ராப்பகலா வேலை பார்த்திருக்காங்க. ரீஸ்டார்ட் பண்ணவன் மேல எனக்குக் கோவமே கிடையாது. டிக்கெட்டை க்ளோஸ் பண்ணவன் மேலதான்.

ஏன்னா இந்தப் படம் ஏற்கெனவே ஓடின படம். 1994. தான்சானியாவுல செரெங்கெட்டி. அங்கே இருந்த சிங்கங்கள் சுமார் 3,000. அதே டிஸ்டெம்பர் வந்து சில மாசத்துல மூணுல ஒரு பங்கு காலி, கிட்டத்தட்ட 1,000 சிங்கம். வலிப்பு வந்து, முகமும் காலும் வெட்டி வெட்டி இழுத்து செத்ததை சுற்றுலா வந்தவங்களே பார்த்திருக்காங்க. ரத்த மாதிரிகளைப் பின்னாடி ஆராய்ஞ்சப்ப இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடியும் டிஸ்டெம்பர் அந்தச் சிங்கங்களுக்கு வந்து சத்தமில்லாம போயிருக்கு. 1994 மட்டும் ஏன் கொன்னுச்சு? அதுக்கு முந்தின வருஷம் கடும் வறட்சி. எருமைங்க மெலிஞ்சு உடம்பெல்லாம் உண்ணி. அதுங்களைத் தின்ன சிங்கங்களுக்கு பேபீசியா ஏறிடுச்சு. டிஸ்டெம்பர் எதிர்ப்புச் சக்தியை அமுக்க, பேபீசியா ஆளை முடிச்சுடுச்சு. ரெண்டு சின்ன பக் சேர்ந்தா ஒரு பெரிய கிராஷ், எந்த புரோகிராமரைக் கேட்டாலும் சொல்வான்.

செரெங்கெட்டி மீண்டுடுச்சு. ஆப்பிரிக்காவுல சிங்கம் இருக்கிற காடு அது ஒண்ணு மட்டும் இல்லை. நம்ம ஆசியச் சிங்கத்துக்கு? கிரேக்கம், துருக்கி, ஈரான்ல தொடங்கி பீகார் வரைக்கும் ஒரு காலத்துல திரிஞ்ச இனம், இன்னிக்கு மொத்த உலகத்துலயும் காட்டுல உயிரோட இருக்கிறது சௌராஷ்டிராவுல மட்டும். அதுவும் நூறு நூத்தி இருபது வருஷம் முன்னாடி வேட்டையாடித் தீர்த்து சில டஜனுக்கு வந்து, ஜுனாகத் நவாப் கைவெச்சு மறிச்சதால பிழைச்ச கூட்டம். இப்ப இருக்கிற அத்தனையும் அந்தச் சில டஜனோட வாரிசு. மரபணுவுல அவ்வளவு ஒற்றுமை. எங்க பாஷையில சொன்னா 891 மெஷினும் ஒரே இமேஜ்ல இருந்து போட்டது. ஒரு மெஷினை உடைக்கிற வைரஸ் மத்ததையும் உடைக்கும்.

இங்கே ஒரு சொந்தக் கதை. நான் முதல்ல வேலை பார்த்த இடத்துல ஒரு சின்ன கிளையன்ட். பள்ளிக்கரணைப் பக்கம் ஆபீஸ். சர்வர் அவங்க ரூம்லயே. "பேக்கப் எடுக்கறீங்களா சார்?"னா "டெய்லி எடுக்கறோம், ரெண்டு காப்பி"ம்பார் அந்த மேனேஜர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல். தரைத்தளத்துல இடுப்பளவு தண்ணி. போய்ப் பார்த்தா ரெண்டு பேக்கப் டிஸ்கும் சர்வருக்குக் கீழ் தட்டுல, அழகா லேபிள் ஒட்டி, சேத்துல குளிச்சுகிட்டு இருக்கு. ஒன்பது வருஷக் கணக்கு. அந்த மேனேஜர் டிஸ்கைக் கையில வெச்சுகிட்டு பேப்பர் டவலால துடைச்சார் பாருங்க, அந்தக் காட்சி இன்னும் கண்ணுல இருக்கு. பாவமா இருந்துது, கோவமாவும் இருந்துது. ரெண்டு காப்பி இருந்துது சார். ஒரே ரூம்ல இருந்துது.

இதைச் சிங்கத்துக்குச் சொன்னவங்க இருக்காங்க. அதுவும் எப்ப? 1990கள்லயே. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்துல இருந்து ரவி செல்லம், நம்ம நாங்குநேரிக்காரர் ஏ.ஜே.டி. ஜான்சிங் எல்லாம் சேர்ந்து, ரெண்டாவது வீடு எங்கே வெக்கலாம்னு இடம் இடமாப் பார்த்து, மத்தியப் பிரதேசத்துல குனோவைத் தேர்ந்தெடுத்தாங்க. காரணமா அவங்க வெச்சதுல முக்கியமானது இதேதான்: ஒரே இடத்துல இருக்கிற இனத்தை ஒரு தொற்றுநோய் துடைச்சுட்டுப் போயிடும். செரெங்கெட்டி சாவு நடந்த அதே காலகட்டம். அதாவது 2018 சாவுக்கான எச்சரிக்கை இருபது வருஷத்துக்கும் மேல முன்னாடியே ஃபைல்ல இருந்துது. ஜான்சிங் 2024ல காலமாயிட்டார். ஒரு சிங்கம் குனோவுல காலை வெச்சதைப் பார்க்காமலே.

குனோவுல என்ன செஞ்சாங்க? 24 கிராமத்தைக் காலி பண்ணாங்க. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பெரும்பாலும் சஹரியாப் பழங்குடிகள். "சிங்கம் வருது, நகருங்க"ன்னு சொல்லித்தான் நகர்த்தினாங்க. நகர்ந்தாங்க. சிங்கம் வரலை. குஜராத் அரசு கொடுக்க மாட்டேன்னுடுச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2013 ஏப்ரல்ல தீர்ப்பு வந்துது: ஆறு மாசத்துல அனுப்புங்க. சிங்கம் எங்க குடும்ப உறுப்பினர் மாதிரிங்கற வாதத்தையும் நீதிமன்றம் ஏத்துக்கலை, எது அந்த இனத்துக்கு நல்லதோ அதைத்தான் பார்க்கணும்னுடுச்சு. ஆறு மாசம். நான் அப்ப ஸ்கூல்ல படிச்சுகிட்டு இருந்தேன். ப்ளஸ் டூ முடிச்சு, இன்ஜினியரிங் முடிச்சு, அரியர் முடிச்சு (ஹிஹி), மூணு கம்பெனி மாறிட்டேன். அந்த ஆறு மாசம் இன்னும் முடியலை.

குனோவுக்கு வேற விருந்தாளி வந்தாச்சு. 2022 செப்டம்பர்ல நமீபியாவுல இருந்து 8 சிவிங்கிப்புலி, 2023 பிப்ரவரியில தென்னாப்பிரிக்காவுல இருந்து 12. 8,000 கிலோமீட்டர் தாண்டி விமானத்துல சிவிங்கிப்புலி வர முடியுது. பக்கத்து மாநிலத்துல இருந்து சிங்கம் வர முடியலை. சிரிக்கிறதா அழறதா?

இப்ப நண்பர் கட்சிக்கு வர்றேன். அவர் சொன்னதுல நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மால்தாரிங்க எருமையைச் சிங்கம் அடிக்கும், அவங்க புலம்பிட்டு மறுநாள் அதே காட்டுல மேய்ப்பாங்க. விஷம் வெச்சுத் தீர்க்கிற ஊர்கள் எத்தனையோ இருக்க, சௌராஷ்டிரா ஜனங்க பொறுத்துப் போறதாலதான் சிங்கம் பிழைச்சிருக்கு. அந்தப் பெருமை அவங்களுக்குச் சேரணும். ஆனா ஒரு குட்டியை வெளியூர் அனுப்பினா அந்தப் பெருமை எப்படிக் குறையும்னு எனக்குப் புரியலை. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு பெருமையில குறைஞ்சா போகுது?

ரெண்டாவது அவர் சொன்னது: "இப்பதான் கிர்ருக்கு வெளியவும் பரவிடுச்சே. 11 மாவட்டம், 35,000 சதுர கிலோமீட்டர். பர்டாவுலயும் சிங்கம் இருக்கு." உண்மை. 2025 கணக்குல பாதிக்கு மேல சிங்கங்க சரணாலயத்துக்கு வெளியதான் இருக்கு. பர்டாவுல 17. ஆனா பர்டா கிர்ல இருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான், 2023ல ஒரு ஆண் சிங்கம் தானாவே நடந்து போய்ச் சேர்ந்த இடம். சிங்கம் நடந்து போகிற தூரத்துக்கு வைரஸும் போகும், நாயும் போகும். அது கீழ் தட்டு பேக்கப். வெளிய பரவறது கூடுதல் பாதுகாப்புன்னு நினைக்கிறோம். நோய் விஷயத்துல அது தலைகீழ். வயல், பண்ணை, ஊர் எல்லைன்னு சுத்தற சிங்கம் என்ன தின்னும்? ஊர்க்காரங்க ஓரமா இழுத்துப் போடற செத்த மாடு. அதே மாட்டை வேற யார் தின்பாங்க? தெருநாய். ஒரே இலையில ரெண்டு பேரும் சாப்பாடு. டிஸ்டெம்பருக்கு இதைவிட நல்ல கல்யாணப் பந்தி எங்கே கிடைக்கும்?

இன்னொரு கோஷ்டி இருக்கு. சுத்த இயற்கைவாதிகள். "காட்டு மிருகத்துக்கு நோய் வர்றது இயற்கை. ஊசி எல்லாம் போடாதீங்க, பலம் உள்ளது பிழைக்கட்டும்"பாங்க. கேட்க கம்பீரமா இருக்கும். 3,000 சிங்கமும் பத்து காடும் இருந்தா நானும் அதையே சொல்வேன். ஆனா நாம கொண்டு வந்து விட்ட நாயோட வைரஸ், நாமளே வேட்டையாடிச் சுருக்கின கூட்டத்துக்குள்ள, நாம தூக்கிப் போட்ட மாட்டு வழியா போய்ச் சேர்றதுல இயற்கை எங்கே சார் இருக்கு? எத்தியோப்பியாவுல ஒரு ஓநாய் இனம், மொத்தமே சுமார் 500. மேய்ப்பர்களோட நாய்ல இருந்து வெறிநோய் வந்து பாலே மலையில கொத்துக் கொத்தா செத்துது. பலம் உள்ளது பிழைக்கட்டும்னு விட்டிருந்தா இன்னிக்கு ஸ்டாம்புலதான் பார்க்கணும். 2003ல இறங்கி ஓநாய்க்கே ஊசி போட்டாங்க, நோய் அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாண்டாம நின்னுது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் வெக்கை நோய். தாத்தா பாட்டி வீட்டுல மாடு வெச்சிருந்தவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். 1880கள் கடைசியில ஆப்பிரிக்காவுக்குள்ள மாடு வழியா நுழைஞ்சு, மாடு, எருமை, வில்டபீஸ்ட்னு வாரிக்கிட்டுப் போச்சு. அறுபது எழுபது வருஷம் கழிச்சு செரெங்கெட்டியைச் சுத்தி இருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டாங்க. மாடுகளுக்கு மட்டும்தான், வில்டபீஸ்டை யாரும் தொடலை. ஆனா சில லட்சமா இருந்த வில்டபீஸ்ட் 1970கள் முடியறதுக்குள்ள பத்து லட்சத்தைத் தாண்டிடுச்சு. காட்டுக்குள்ள ஒரு ஊசி கூடப் போடாம காட்டு மிருகத்தைக் காப்பாத்தின கதை. அந்த நோயையே 2011ல உலகத்துல இருந்து ஒழிச்சாச்சு. நோய் எங்கே உற்பத்தி ஆகுதோ அங்கே பிடிக்கணும்ங்கறதுக்கு இதைவிட என்ன வேணும்?

அப்ப கிர்ரைச் சுத்தி இருக்கிற நாய்களுக்கெல்லாம் ஊசி போட்டா முடிஞ்சுது, குனோ எதுக்குன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா செரெங்கெட்டியில அதையும் செஞ்சு பார்த்தாச்சு. சுத்துப்பட்டு கிராமத்து நாய்களுக்கு வருஷக் கணக்கா டிஸ்டெம்பர் ஊசி போட்டாங்க. நாய்கள்ல நோய் குறைஞ்சுது. சிங்கங்களுக்கு வர்றது நிக்கலை. 30 வருஷ ரத்த மாதிரிகளை அலசி 2015ல ஒரு ஆய்வு வந்துது, வைரஸ் நாயோட நிக்காம வேற மிருகங்களுக்குள்ளயும் சுத்திகிட்டு இருக்குன்னு. வெக்கை நோய்க்கு மாடுதான் தலைமை அலுவலகம், அதைப் பூட்டினா போதும். டிஸ்டெம்பருக்கு ஊர் ஊரா கிளை. அதுவும் தெருநாய் ரெண்டு மூணு வருஷத்துல செத்துப் புதுசு புதுசா வந்துகிட்டே இருக்கும், போன வருஷம் போட்ட ஊசி இந்த வருஷக் குட்டிக்கு உதவாது. நாய்க்கு ஊசி கண்டிப்பா போடணும், வருஷா வருஷம் போடணும், செத்த மாட்டை ஊர் ஓரத்துல வீசாம புதைக்கணும். அதெல்லாம் செஞ்சும் ஒரு நாள் தவறும். அந்த ஒரு நாளுக்காகத்தான் தூரத்துல இன்னொரு கூட்டம்.

ரெண்டாவது வீடு வெச்சா தானா எல்லாம் சரியாயிடும்னும் நான் சொல்லலை. 1957ல உத்தரப் பிரதேசத்துல சந்திரபிரபா சரணாலயத்துல மூணு சிங்கத்தைக் கொண்டு போய் விட்டாங்க. 11 ஆச்சு. 1960கள் நடுவுல பார்த்தா ஒண்ணு கூட இல்லை. எப்படிப் போச்சுன்னு உருப்படியா ஒரு பதிவும் கிடையாது, ஏன்னா பின்னாடியே போய்ப் பார்க்க ஆள் வெக்கலை. பேக்கப் எடுத்துட்டு, ரீஸ்டோர் ஆகுதான்னு ஒரு தடவை கூடச் சோதிக்காம இருக்கிற மாதிரி. செய்யறதை ஒழுங்கா செய்யணும், இப்ப ரேடியோ காலர் இருக்கு, மரபணுச் சோதனை இருக்கு, அனுபவம் இருக்கு.

2025 மார்ச்சுல ஜுனாகத்ல காட்டுயிர் நோய்களுக்கு ஒரு தேசிய மையத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. நல்ல விஷயம், கட்டாயம் வேணும். சண்டை போட்டுச் செத்துதா வைரஸ்ல செத்துதான்னு அன்னிக்கே சொல்ல ஒரு லேப் பக்கத்துலயே இருந்தா 2018 மாதிரி நாள் கடத்த வேண்டியதில்லை. ஆனா அங்கே வர்ற முடிவு நல்லதோ கெட்டதோ உடனே வெளிய வரணும். செத்த சிங்கத்தோட எண்ணிக்கையைச் சட்டமன்றத்துல எம்.எல்.ஏ. எழுந்து கேட்டாதான் தெரியும்னா, லேப் எத்தனை மாடி கட்டியும் பிரயோஜனம் இல்லை. இந்தியாவுல ரகசியமா வெக்க வேண்டிய விஷயம் ஆயிரம் இருக்கலாம், சிங்கத்துக்குச் சளி பிடிச்சது அதுல ஒண்ணா?

கேன்டீன்ல இதுல பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள மீட்டிங்குக்குக் கூப்பிட்டுட்டாங்க. நண்பர் முகம் சுருங்கிப் போச்சு. ரெண்டு நாள் பேசலை. எனக்கும் கொஞ்சம் ஓவராப் போயிட்டோமோன்னு இருந்துது.

நேத்து அவரே வந்தார். அவர் மாமா அம்ரேலி மாவட்டத்துல விவசாயம் பார்க்கிறாராம். அவங்க கடலைக் காட்டுல ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனா சிங்கம் படுத்திருக்குமாம், டார்ச் அடிச்சுட்டு சுத்திப் போவாங்களாம். மாமாவுக்கு போன் போட்டு, ஊர் நாய்ங்களுக்கு யாராவது டிஸ்டெம்பர் ஊசி போட வந்தாங்களான்னு கேட்டிருக்கார்.

"அது என்ன ஊசி? வெறிநாய்க் கடிக்கா?"ன்னு மாமா திருப்பிக் கேட்டாராம்.